முப்பது கவுண்ட் இறாலும் ஆறு மார்க் அர்த்தமும்

பழவேற்காட்டில் இறால் விற்கிற எந்தப் பெண்ணுக்கும் ‘கவுண்ட்’ என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறதோ அதுதான் கவுண்ட். 30 நின்றால் முப்பது கவுண்ட், 50 நின்றால் ஐம்பது கவுண்ட். எண் ஏற ஏற இறால் சிறுக்கும், விலை இறங்கும். கம்பெனிக்கு எடுக்கிற வியாபாரி கூடைக்குள் கையை விட்டு அளைந்து பார்த்துவிட்டு, “இன்னாக்கா, நாப்பதுன்னு சொன்னே, அம்பதுக்கு மேல நிக்கும் போலக்கீதே” என்பார். “தராசுல போட்டு எண்ணிப் பாருண்ணே, ஒண்ணு கூட இருந்தா அப்பறம் பேசு” என்று பதில் வரும். இந்தப் பேச்சில் நிற்கிற ஆங்கிலச் சொல்லின் எல்லா முனையும் இருவருக்கும் தெரியும். ஏற்றுமதி வியாபாரத்திலும் அந்தச் சொல், எடைக்கு இத்தனை இறால் என்ற பொருளில்தான் புழங்குகிறது.

அதே வீட்டுப் பிள்ளையின் ஆங்கில நோட்டைப் பிரித்தால் பக்கத்துக்கு நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் அர்த்தம். ‘கவுண்ட்’டுக்கு நேரே ‘எண்ணு’ என்று இருக்கும். தவறில்லை. ஆனால் அம்மா கரையில் சொன்ன கவுண்ட்டும் நோட்டில் இருக்கிற கவுண்ட்டும் ஒன்றுதான் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டில் இருப்பது பேச்சு, நோட்டில் இருப்பது பாடம் என்று இரண்டு உலகம். மீஞ்சூர் ஊராட்சி ஒன்றியத்தின் கடலோரக் குப்பங்களில் ஆங்கிலச் சொல்வளம் என்ற பேச்சை எடுத்தால், இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவே உள்ள கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளைப் பாருங்கள். தொடக்கத்தில் 14 ஒரு மதிப்பெண் வினாக்கள். முதல் மூன்று ஒருபொருட்சொல், அடுத்த மூன்று எதிர்ச்சொல். மொத்தம் ஆறு மார்க். ஒரு வாக்கியம் கொடுத்து, அதில் ஒரு சொல்லுக்கு அடிக்கோடிட்டு, கீழே நான்கு விடைகள் தருகிறார்கள். வாக்கியம் கொடுப்பது நல்ல எண்ணத்தில்தான். சொல்லை இடம் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று. ஆனால் அந்த வாக்கியம் பாடத்திலிருந்து எடுத்தது, சொல்லும் பாடத்துப் பின்னிணைப்பில் இருப்பது, ஜோடி ஜோடியாக கைடில் அச்சாகி வருவது. ஜோடியை மனப்பாடம் செய்த பிள்ளை வாக்கியத்தைப் படிப்பதே இல்லை. அடிக்கோட்டைத் தேடிக் கண்டுபிடித்து விடையில் டிக் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது. ஒன்றுமே தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நான்குக்கு ஒன்று தேறும்.

இதைச் சொன்னதும் ‘தேர்வே கூடாது, பிள்ளைகள் இயல்பாகப் படித்துக் கற்கட்டும்’ என்று ஒரு குரல் எழும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சொல்லைப் பொறுத்தவரை, சோதிப்பதுதான் வளர்ப்பது. 2008-இல் ‘சயின்ஸ்’ இதழில் கார்ப்பிக், ரோடிகர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஸ்வாஹிலி மொழிச் சொற்கள் 40, அவற்றின் ஆங்கில அர்த்தத்தோடு கொடுக்கப்பட்டன. ஒரு தடவை சரியாகச் சொல்லிவிட்ட பிறகு, அந்தச் சொல்லைச் சிலர் திரும்பத் திரும்பப் பார்த்துப் படித்தார்கள். சிலர் பார்க்காமல் திரும்பத் திரும்ப நினைவிலிருந்து எடுத்துச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்த்துப் படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு நினைவில் நின்றது நூற்றுக்கு 35 அளவில். எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தவர்களுக்கு 80 அளவில். சொல்லை மண்டைக்குள் போடுவதைவிட, மண்டையிலிருந்து வெளியே இழுப்பதுதான் அதைத் தங்க வைக்கிறது. நோட்டின் வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு தனக்குத் தானே கேட்டுக்கொள்கிற பிள்ளை, எந்த ஆய்வையும் படிக்காமலே சரியான வேலையைச் செய்கிறது.

2007-இல் ஜான் பிரீன் என்ற அமெரிக்கர், கல்லூரி நுழைவுத் தேர்வுக்குச் சொற்கள் படித்துக்கொண்டிருந்த மகனுக்காக ஒரு விளையாட்டை உருவாக்கினார். ‘ஃப்ரீரைஸ்’ என்று பெயர். ஒரு சொல்லுக்குச் சரியான அர்த்தத்தைத் தொட்டால், தொடங்கிய காலத்தில் 10 அரிசி மணி. அது பசித்தவருக்குப் போகும். 2009-இல் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்திடம் அதை ஒப்படைத்துவிட்டார். அரிசியை விடுங்கள், அதன் சூட்சுமம் வேறு. தொடர்ந்து மூன்று சரியாகச் சொன்னால் கொஞ்சம் கடினமான சொல் வரும், ஒன்று தப்பினால் ஒரு படி கீழே இறக்கிவிடும். தப்பிய சொல் சில கேள்விகள் கழித்துத் திரும்பி வரும். தப்பினதற்குத் திட்டும் இல்லை, மார்க் குறைப்பும் இல்லை, பக்கத்து வீட்டு அத்தையிடம் சொல்லி மானத்தை வாங்குவதும் இல்லை. நம் வகுப்பறைச் சோதனையில் இல்லாதது இதுதான். தப்பின சொல் திரும்பி வருவதே இல்லை. சிவப்பு மையில் சுழித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம்.

ஆக, சோதனையில் கோளாறு இல்லை. எந்தச் சொல்லைக் கேட்கிறோம், என்ன கேட்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. இதற்கு ஒரு நல்ல அளவுகோலை நூறாண்டுக்கு முன்னால் இந்த மண்ணிலேயே ஒருவர் கண்டுபிடித்துவிட்டார்.

மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் இந்தியக் கல்விப் பணியில் டாக்காவில் இருந்தார், அங்குள்ள ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்தினார். 1926-இல் வங்காளத்தின் இருமொழிக் கல்வியைப் பற்றி ஒரு அறிக்கை எழுதினார். அதில் அவர் கேட்ட கேள்வி ஒன்று இன்றைக்கும் உறைக்கிறது. பத்து வருடம் ஆங்கிலம் படித்து முடிக்கிறவனுக்குப் பயன் இருக்கலாம், நாலாம் வருடத்தில் பள்ளியை விட்டு நிற்கிறானே, அவன் கையில் என்ன மிஞ்சுகிறது? ஆயுள் காப்பீட்டில் புழங்குகிற ஒரு வார்த்தையை இதற்கு எடுத்துக்கொண்டார்: சரண்டர் வேல்யூ. பாலிசியைப் பாதியில் நிறுத்தினால் கைக்கு வருகிற தொகை. அன்றைய வங்காளப் பாடத்திட்டத்தில் பாதியில் நின்றவனுக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் வராது என்பது அவர் கணிப்பு. பாடநூல்களில் இலக்கியப் பழஞ்சொற்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. ஒரு சொல் பழகுவதற்குள் அடுத்த புதுச்சொல் வந்து மோதியது. அவர் பழஞ்சொற்களைக் களைந்தார், புதுச்சொற்களை இடைவெளி விட்டுத் தூவினார், ஒவ்வொன்றும் பல தடவை திரும்பி வரும்படி வாசிப்பு நூல்கள் எழுதினார். பின்னால் 1953-இல் சுமார் 2000 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பயன்பாட்டுப் பட்டியலை வெளியிட்டார். அந்தப் பட்டியல் இன்றும் பேசப்படுகிறது.

அந்தப் பட்டியலில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. சொற்களை மட்டும் அடுக்கிவைத்துவிட்டு அவர் நிறுத்தவில்லை. ஒரு சொல்லுக்கு ஐந்து பொருள் இருந்தால், எந்தப் பொருளில் அது நூற்றுக்கு எத்தனை தடவை வருகிறது என்று பொருள் பொருளாகக் கணக்குக் கொடுத்தார். எந்தப் பொருளை முதலில் சொல்லித்தர வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம் என்பது அப்போதுதானே தெரியும். ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம் என்று கோடு போட்ட நோட்டுக்கு இதில் இடமே இல்லை.

தமிழனுக்கு இது புதிதா என்றால் அதுவும் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிகண்டு ஒப்பித்த காலத்தில், மண்டலபுருடர் செய்த சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியைத்தான் பிள்ளைகள் விழுந்து விழுந்து நெட்டுருப் போட்டார்கள். அதன் பெயரே ஒருசொல் பல்பொருட் பெயர்த் தொகுதி. ஒரு சொல்லை எடுத்து, அதற்கு என்னென்ன பொருள் உண்டோ அத்தனையையும் ஒரு செய்யுளுக்குள் அடைத்துவைத்திருப்பார். எதுகை வரிசையில் போகும், வாயில் தானாக வரும். மனப்பாடம் மோசம் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த மனப்பாடத்தில்கூட ஒரு சொல் பல பொருள் சுமக்கும் என்ற அறிவு உள்ளே இருந்தது. ஆங்கிலம் வந்தபோது மனப்பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த அறிவைக் கைவிட்டுவிட்டோம்.

பழவேற்காட்டுப் பிள்ளைக்கு இதை விளக்கப் புத்தகம்கூட வேண்டாம். ‘பாடு’ என்ற சொல்லைக் கேளுங்கள். பாட்டுப் பாடு. பட்ட பாடு. அப்புறம் ஏரியில் வலை போடுவதற்கு ஊருக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிற பாடு. இன்றைக்கு எந்தப் பாட்டில் யார் வலை இறக்குவது என்பது சீட்டு எழுதிப் போட்டு, முறை வைத்துத் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிற ஏற்பாடு. மூன்று ‘பாடு’களையும் ஒரு குழப்பமும் இல்லாமல் வாயில் வைத்திருக்கிற பிள்ளைக்கு, மூன்று ‘கவுண்ட்’கள் இருக்கலாம் என்பது பாரமே இல்லை. நாம்தான் அதைச் சொல்வதில்லை.

அப்படியானால் எந்தச் சொற்கள்? வெஸ்டின் அளவுகோலை மீஞ்சூர்க் கடற்கரையில் வைத்துப் பார்க்கலாம். பத்தாவதோடு நின்று கடலுக்குப் போகிற பையனுக்கும், பன்னிரண்டு முடித்துக் கல்லூரிக்கு ரயிலேறுகிற பெண்ணுக்கும், இருவருக்குமே கைக்கு ஏதாவது வர வேண்டும். என் கையில் பொறுப்பைக் கொடுத்தால் முதல் பாடமாக வானிலை அறிக்கையைத்தான் வைப்பேன்.

நுங்கம்பாக்கத்து மண்டல வானிலை ஆய்வு மையத்தின் ஆங்கில அறிக்கையில் ‘ரஃப்’ என்று வருகிறது. பள்ளியில் ரஃப் என்றால் சொரசொரப்பு. கணக்குப் போட ஒரு ரஃப் நோட்டும் உண்டு. அறிக்கையில் அது ஒரு அளவு. அலை இரண்டரை மீட்டரிலிருந்து நான்கு மீட்டர் வரை எழும்பினால் ரஃப். அதற்குக் கீழே ஒன்றேகால் முதல் இரண்டரை மீட்டர் வரை ‘மாடரேட்’, அரை மீட்டரிலிருந்து ஒன்றேகால் வரை ‘ஸ்லைட்’. நான்கைத் தாண்டி ஆறு மீட்டர் வரை ‘வெரி ரஃப்’. ‘மாடரேட்’டுக்கு நோட்டில் ‘மிதமான’ என்று இருக்கும். இரண்டரை மீட்டர் அலை ஒரு ஃபைபர் படகுக்கு எவ்வளவு மிதம் என்பதை முகத்துவாரத்தைத் தாண்டிப் போனவரிடம் கேட்க வேண்டும்.

‘ஐசலேட்டட்’ என்பது இன்னொன்று. தனிமைப்படுத்தப்பட்ட என்று கொரோனா காலத்தில் நாம் எல்லாரும் கற்றுக்கொண்ட அர்த்தம். மழை அறிக்கையில் அது நிலையங்களின் கணக்கு. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவானால் ஐசலேட்டட். தமிழ் அறிக்கை இதைத்தான் ‘ஓரிரு இடங்களில்’ என்கிறது. 26-லிருந்து 50 வரை போனால் ‘ஸ்கேட்டர்டு’, தமிழில் ‘சில இடங்களில்’. தமிழ் அறிக்கையையும் ஆங்கில அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டு மொழியிலும் ஒரு தெளிவு வரும். ‘ஓரிரு’ என்றும் ‘சில’ என்றும் சொல்வது வாய்க்கு வந்தபடி அல்ல என்பது பெரியவர்களுக்கே தெரியாது.

‘டிப்ரெஷன்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செய்தித்தாளில் மனச்சோர்வு, வரலாற்றுப் பாடத்தில் பொருளாதாரப் பெருமந்தம், வானிலையில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். காற்று மணிக்கு 31 கிலோமீட்டரிலிருந்து 50 வரை இருந்தால் அந்தப் பெயர். 51-லிருந்து 61 வரை போனால் ‘டீப்’ முன்னால் ஒட்டிக்கொள்ளும். 62-ஐத் தொட்டால் புயல்.

அறிக்கைதான் தமிழிலேயே வருகிறதே, ஆங்கிலம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அறிக்கை தமிழில் வருகிறது. செல்போனில் காற்று வரைபடம் காட்டுகிற செயலிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். எஞ்சினோடு வருகிற கையேடு ஆங்கிலத்தில். படகில் வைத்திருக்கும் ஜி.பி.எஸ். ஆங்கிலத்தில். சில கருவிகளில் ‘மார்க்’ என்றே ஒரு பொத்தான் இருக்கும். மீன் கிடைத்த இடத்தைக் குறித்துவைக்க அதைத்தான் அழுத்துவார்கள். பரீட்சையில் மார்க் வாங்காத பையன் கடலில் மார்க் போடுகிறான், ஒரு பிழையும் இல்லாமல்.

இதற்கு நேர் எதிரான முறையையும் நம் ஊர் பார்த்திருக்கிறது. அமெரிக்கா போவதற்கு ஜி.ஆர்.ஈ. எழுதிய ஒரு தலைமுறை, பேரன்ஸ் புத்தகத்தின் 3500 சொற்களை அகரவரிசையில் விழுங்கியது. எதிர்ச்சொல், ஒப்புமை என்று தனித்தனி வினாக்கள் அதில் இருந்தன. 2011-இல் தேர்வை மாற்றியபோது இரண்டையும் எடுத்துவிட்டார்கள்; அதற்குப் பதிலாகப் பத்தியில் விடுபட்ட இடத்தை நிரப்பச் சொன்னார்கள். விழுங்கியவர்களில் எத்தனை பேருக்கு அந்த 3500-இல் பாதியாவது இன்று நினைவிருக்கும்? சரண்டர் வேல்யூ என்று பார்த்தால் அந்தப் பட்டியலுக்கு விசா ஒன்றுதான்.

நார்மன் லூயிஸ் 1949-இல் எழுதிய ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ வேறு ரகம். நடைபாதைக் கடைகளில் இன்றும் விற்கிறது, விற்பதற்குக் காரணமும் இருக்கிறது. சொல்லை வேரோடு பிடுங்கிக் காட்டி, ஒரு வேரிலிருந்து பத்துச் சொல் கிளைப்பதைச் சொல்லித்தருவார், நாலு பக்கத்துக்கு ஒரு தடவை சோதனை வைத்துக்கொண்டே போவார். ஆனால் அது கிரேக்கமும் லத்தீனும் கலந்த படிப்பாளிச் சொற்களுக்கு. ரஃப்புக்கும் கவுண்ட்டுக்கும் வேரைத் தெரிந்துகொண்டு ஆவது ஒன்றுமில்லை. அவை எங்கெங்கே உட்காரும் என்று தெரிந்தால் போதும்.

வேர் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெரிய ஆங்கில அகராதிகளில் ‘புல்லிகேட்’ என்று ஒரு சொல் உண்டு. சாயம் ஏற்றிய கைக்குட்டைத் துணி என்று பொருள். பழவேற்காட்டைத்தான் ஐரோப்பியர் புலிகாட் என்றார்கள். டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டை கட்டி வியாபாரம் செய்த காலத்தில் இந்தக் கரையிலிருந்து ஏற்றுமதியான துணியின் பெயர், பிறகு ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கத்து நெசவாளர்கள் அதைப் பார்த்து நெய்த துணிக்கும் ஒட்டிக்கொண்டது. சொல் பழசாகிவிட்டது, துணியும் போய்விட்டது. எந்தத் தேர்விலும் கேட்கமாட்டார்கள். கேட்டால் இந்த ஒன்றியத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு மார்க் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

சொல்லறிவை உண்மையாக அளக்க வழிகள் இல்லாமல் இல்லை. நியூசிலாந்தின் பால் நேஷன் செய்த ஒரு தேர்வில் 140 வினாக்கள். ஆங்கிலத்தில் அதிகம் புழங்குகிற சொற்குடும்பங்களை ஆயிரம் ஆயிரமாகப் பிரித்து, ஒவ்வொரு ஆயிரத்திலிருந்தும் பத்து எடுத்துக் கேட்கிறது. சரியான விடையை நூறால் பெருக்கினால் உங்களுக்குத் தெரிந்த சொற்குடும்பங்கள் உத்தேசமாக எத்தனை என்று வந்துவிடும். அகலத்தைச் சொல்லும், ஆழத்தைச் சொல்லாது. ‘லெக்ஸ்டேல்’ என்ற இன்னொன்று 60 எழுத்துக்கோவைகளைக் காட்டி, இது ஆங்கிலச் சொல்லா, இல்லையா என்று மட்டும் கேட்கிறது. அதில் 20 போலிகள். கேட்க ஆங்கிலம் போலவே இருக்கும், அகராதியில் இருக்காது. எல்லாம் தெரியும் என்று தலையாட்டுகிறவர் அங்கே மாட்டிக்கொள்வார். மேடைப் பேச்சாளர்களுக்கும் இப்படி ஒன்று வைக்கலாம் என்று எனக்கு ஒரு ஆசை உண்டு.

வகுப்பறைக்கு எனக்குப் பிடித்தது, வெஷெ, பாரிபக்த் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கனடாவில் உருவாக்கிய ஐந்து படி. முதல் படி: இந்தச் சொல்லைப் பார்த்ததே இல்லை. இரண்டு: பார்த்திருக்கிறேன், பொருள் தெரியாது. மூன்று: இதுவாக இருக்கும் என்று நினைக்கிறேன். நான்கு: தெரியும், இதுதான். ஐந்து: வாக்கியத்தில் வைத்துக் காட்டுகிறேன். பிள்ளையே தன் படியைச் சொல்ல வேண்டும், மேல் மூன்று படிக்கு எழுதியும் காட்ட வேண்டும். ஒரு மாதம் கழித்து அதே சொற்களைத் திரும்பக் கொடுத்தால் யார் எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு ஏறினார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் லட்சக்கணக்கான தாள்களை இப்படித் திருத்த முடியாது என்பது உண்மை. ஆனால் எட்டாம் வகுப்பு வரை வகுப்பறையிலேயே நடக்கிற வளரறி மதிப்பீட்டில், என்ன கேட்பது என்பதில் ஆசிரியருக்குக் கொஞ்சம் சுதந்திரம் இருக்கிறது.

அங்கே ஒரு நாள் பாடநூலை மூடி வைத்துவிட்டு, அன்றைய அறிக்கையிலிருந்து ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதலாம். கடல் நிலை ‘ரஃப் டு வெரி ரஃப்’, மீனவர்கள் கடலுக்குள் ‘வென்ச்சர்’ செய்ய வேண்டாம் என்ற வழக்கமான வரி. கீழே மூன்று கேள்வி. அலை எத்தனை மீட்டர் வரை எழும்பும்? ‘போக வேண்டாம்’ என்று சாதாரணச் சொல்லில் எழுதாமல் வென்ச்சர் என்ற சொல்லை ஏன் போட்டார்கள்? நம் ஏரிக்குள் வலை போடலாமா, கூடாதா, ஏன்? முதல் இரண்டுக்கும் விடை ஆசிரியரிடம் இருக்கும். மூன்றாவது கேள்விக்கு, காலையில் ரயிலேறி மீஞ்சூரில் இறங்கிப் பள்ளிக்கு வருகிற வெளியூர் ஆசிரியராக இருந்தால், பிள்ளைகளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டுதான் மார்க் போட முடியும்.